எந்தப் பக்கத்துக் கல்

பொத்தான் தொழிற்சாலையின் முன்வாசலுக்கும் எதிர்வரிசை வீடுகளுக்கும் நடுவே, சாலைக்கு மேலே, நெற்றி உயரத்தில் ஒரு கல் முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தரத்தில் நின்றது. கைக்கு அடக்கமான கருங்கல். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் உடைந்த முனை. கலவரத்தன்று யாரோ எறிந்தது, பாதி வழியில் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். வெயில் காலத்தில் தொட்டால் சுடும். காக்கை வந்து உட்காரும், எழுந்து போகும். பால்காரர் சில காலம் உடைந்த முனையில் தன் பையை மாட்டிவிட்டு வீடு வீடாகப் போய்வந்தார். கல் அசைந்து கொடுக்கவில்லை, பைதான் கிழிந்தது. நகராட்சி அதைச் சாலை ஆக்கிரமிப்பில் சேர்க்கலாமா என்று யோசித்து, தரையைத் தொடாத பொருளுக்கு விதி எதுவும் இல்லை என்று கண்டு விட்டுவிட்டது. கல் நின்ற வருஷத்தில் சிமெண்டு விலை ஏறியதும் சர்க்கரை விலை இறங்கியதும் ஊரில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்டன.

கலவரம் ஒரு நாற்காலியால் வந்தது. தொழிற்சாலையில் மேட்டுத்தெருக்காரர்கள் முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். பள்ளத்தெருக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து நின்றுகொண்டு வேலை செய்வார்கள். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைத்ததில்லை. அதனால் அதை யாராலும் ரத்து செய்யவும் முடியவில்லை. இரண்டு துளைப் பொத்தானையும் நான்கு துளைப் பொத்தானையும் பிரித்துப் போடும் பள்ளத்தெருப் பெண் ஒருத்தி, பக்கத்து நாற்காலிக்காரி கை கழுவப் போன நேரத்தில் அதில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளியின் மருமகன்தான் மேற்பார்வையாளர். அவர் வந்து நாற்காலியை உதைத்தார். அவள் விழுந்தாள், தட்டு கவிழ்ந்தது, பொத்தான்கள் கூடம் முழுக்க ஓடின. பள்ளத்தெரு ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். மேட்டுத்தெரு ஆட்கள் கதவுக்கு உள்பக்கம் கூடினார்கள். கூச்சலுக்கு நடுவே ஒரு கல் கிளம்பியது. இரண்டு பக்கத்தாரும் தலையைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடியதால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்தவர் ஒருவருமில்லை. கண்ணைத் திறந்தபோது கல் நடுச்சாலையில் நின்றது. விழும் விழும் என்று இரண்டு பக்கத்தாரும் வெகுநேரம் காத்திருந்தார்கள். பிறகு கால் கடுத்தது. வேலை முடிந்ததற்கான சங்கு ஊதியதும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

போலீஸ் சாயங்காலம் வந்து, கையில் மண் இருந்த பள்ளத்தெரு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்களில் ஒருவன் அந்தப் பெண்ணின் அண்ணன். வழக்கு நடந்தபோது நீதிபதி நேரில் வந்து கல்லைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாவிட்டாலும், எந்தப் பக்கத்தார் கல் எறியக்கூடியவர்கள் என்பது தெரிந்ததுதான் என்று தீர்ப்பில் எழுதினார். யார் மேலும் படாத கல்லை எறிந்ததற்காக அண்ணன் சிறைக்குப் போனான். இருமலோடு திரும்பி வந்தான். சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்துவிட்டு இறந்துபோனான். இனிமேல் தகராறு வரக்கூடாது என்று நிர்வாகம் தொழிற்சாலையிலிருந்த நாற்காலிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. அன்று முதல் எல்லாரும் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். பின்வாசல் கதவும் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போக, எல்லாரும் முன்வாசல் வழியாகவே வரவேண்டியதாயிற்று. இதற்கு நிர்வாகம் சமத்துவம் என்று பெயர் வைத்தது. மேட்டுத்தெருவில் ஒரு தலைமுறைக்கே கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. அவர்கள் ராத்திரி காலுக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். நாற்காலிக்காரி என்ற பெயர் அப்படித்தான் அவளுக்கு வந்தது.

கல்லைப் பார்த்தபடி குடியிருக்க யாரும் விரும்பாததால் எதிர்வரிசையில் வாடகை விழுந்தது. வேலை போன நாற்காலிக்காரி அங்கே ஒரு வீட்டைப் பிடித்து, ஒரு தையல் இயந்திரமும் வாங்கிப் போட்டுக்கொண்டு, மகளை வளர்த்தாள். கணவன் லாரி ஓட்டப் போய் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். இதில் அதிசயம் எதுவும் இல்லை. அவள் சன்னலுக்கு நேர் எதிரே, கல்லுக்கு அந்தப் பக்கம், வாசலைக் காக்கும் கேட்டுக்காரரின் சிறு கூண்டு இருந்தது. கேட்டுக்காரர் மேட்டுத்தெருவில் ஆக ஏழை வீட்டுப் பிள்ளை. கலவரம் நடந்தபோது வேலைக்குச் சேர்ந்த புதிது. அவரும் அவளும் தினமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தலை நரைத்தார்கள்.

முதலில் வந்த சரித்திர ஆசிரியரை ஊர் தங்கப்பேனா என்று அழைத்தது. வட்டாரத்தின் வரலாற்றை எழுதித்தரச் சொல்லி அரசாங்கம் அவரை அனுப்பியது. முதலாளியின் விருந்தினர் மாளிகையில் தங்கினார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: கலவரத்துக்கு முன்னால் சந்தோஷமாக இருந்தீர்கள் அல்லவா? இந்தச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது, தலையும் காலும் ஒன்றையொன்று நம்பி இருப்பதுபோல இருந்தார்கள், வெளியாட்கள் வந்து தூண்டிவிட்டதால் தொழிலாளர்கள் வாசலை நோக்கிக் கல் எறிந்தார்கள் என்று எழுதினார். புத்தகம் வெளியான அன்று, நாடாவைப் பிரித்த அதே நேரத்தில், கல் வாசலை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. பத்திரிகையில் பாராட்டி மதிப்புரை வந்தபோது இன்னும் இரண்டு விரல் நகர்ந்தது. புத்தகத்தில் கேட்டுக்காரரை அமைதியின் காவலர் என்று எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கூண்டில் ஒட்டி வைத்துக்கொண்டு நாலு நாள் மிடுக்காக விசில் ஊதினார். அந்தப் பாராட்டுதான் கல்லைத் தன் நெற்றிக்கு நேராக இழுத்துக்கொண்டு வருகிறது என்று புரிந்தபோது அதைக் கிழித்தெறிந்தார். கல் நிற்கவில்லை.

அடுத்து வந்தவர் தாடிக்காரர். பேருந்தில் வந்தார், பள்ளத்தெருவில் தரையில் படுத்தார், எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். எத்தனை வருஷமாகத் திட்டமிட்டீர்கள் என்று நாற்காலிக்காரியிடம் கேட்டார். கால் வலித்தது, அதனால் உட்கார்ந்தேன் என்று அவள் சொன்னாள். காலங்காலமான வலி என்று அவர் குறித்துக்கொண்டார். அவருடைய புத்தகத்தில் அவள் உட்காரவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு அவள் வடிவத்தில் அந்த நாற்காலியைக் கைப்பற்றியது. கல்லை எறிந்தவர்கள் முதலாளி ஏவிவிட்ட கூலியாட்கள், வாசலிலிருந்து மக்களை நோக்கி எறிந்தார்கள் என்று அதில் இருந்தது. நாற்காலிக்காரி அதை மகளைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். பிறகு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். குழாயடியில் வெளிநாட்டு விவகாரங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆரம்பித்தாள். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த கல் நின்று, திரும்பி, நடுச்சாலையைத் தாண்டி அவள் சன்னலை நோக்கி வந்தது.

மகள் அப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, அந்தப் புத்தகம் ரெண்டாம் பதிப்பு வருதாம்."

"வரட்டுமே. நல்லதுதானே?"

"நல்லதுதான். சன்னல் போயிரும்."

நாற்காலிக்காரி சன்னலருகே போய்ப் பார்த்தாள். கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டிக் கூண்டுக்குப் போனாள். கேட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

"என்ன?" என்றார்.

"கல்லு எங்க வீட்டுப் பக்கம் வருதுங்க."

"முன்னாடி என் பக்கம் வந்துச்சே, அப்ப நீ வந்து கேட்டியா?"

"அப்ப எனக்கு என்ன?"

"இப்ப எனக்கு என்ன?"

"நடுவுல நின்னா ரெண்டு பேர் மண்டைக்கும் நல்லதுங்க," என்றாள் அவள். கேட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். மறுநாள் அவர் தங்கப்பேனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கலவரத்தன்று முன்பின் தெரியாத சிலர் பள்ளத்தெருப் பக்கம் சுற்றியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். அதை வைத்துத் தங்கப்பேனா எழுதிய கட்டுரை வெளிவந்ததும் கல் சன்னலை விட்டு விலகியது.

அதன் பிறகு பல வருஷங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கல்லை நிர்வகித்தார்கள். கல் வாசல் பக்கம் சாய்ந்தால் அவளுக்கு ஏதாவது ஞாபகம் வரும், தாடிக்காரரைக் கூப்பிடுவாள். சன்னல் பக்கம் சாய்ந்தால் அவருக்கு ஞாபகம் வரும். எந்த எழுத்து எவ்வளவு தள்ளும் என்பது இருவருக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. புத்தகம் என்றால் சாண் கணக்கு. கட்டுரை என்றால் விரல் கணக்கு. அடிக்குறிப்புக்கு நகக்கண் அளவு நகரும். மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கல் லேசாக நடுங்கிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். கருத்தரங்கு நடந்தால் கொஞ்ச நேரம் தன்னைத்தானே சுற்றும். கேட்டுக்காரர் இப்போதும் அவளை நீ என்றுதான் பேசினார். அவள் வாங்க போங்க என்றுதான் பேசினாள். அது இரண்டு பேருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒருநாள் நாற்காலிக்காரி மகளிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைக் கீழே தள்ளியதும் அண்ணன் ஓடிவந்து தூக்கினான் என்று சொன்னாள்.

"மாமா அன்னைக்குக் கூடத்துலயே இல்லேன்னு சொல்லுவியேம்மா."

அண்ணன் கூடத்தில் இல்லைதான். எந்த வருஷம், எந்தப் பேட்டியில், எந்தப் பக்கம் கல்லைத் தள்ளுவதற்காக அவனை உள்ளே கொண்டுவந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தாடிக்காரர் புத்தகத்து அட்டையில் முஷ்டியை உயர்த்தி நின்ற ஆள்தான் வந்தான். அன்று அவள் தையல் இயந்திரத்தில் உட்காரவில்லை.

ஒன்பது நாட்டுக்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒன்பது நாடுகளில் மேலே இருப்பவர்களையும் கீழே இருப்பவர்களையும் ஆராய்ந்தவர். தோளில் பெரிய வரைபடச் சுருள் ஒன்று எப்போதும் தொங்கும். நம் மொழியைப் புத்தகத்தில் கற்றவர் என்பதால் அவர் பேசுவது அச்சடித்தது போலவே இருக்கும். அவர் யார் எறிந்தார்கள் என்று கேட்கவில்லை. எல்லாச் சமூகங்களிலும் மேல் உண்டு, கீழ் உண்டு. சில இடங்களில் அது நாற்காலி, சில இடங்களில் கிணறு, சில இடங்களில் தொப்பி, சில இடங்களில் காலணி. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது கல் தானாகக் கிளம்புகிறது. இதை அவர் அவள் வீட்டு மேசையில் சுருளைப் பிரித்து விளக்கினார்.

"கல்லை எறிவது ஆள் அல்ல, அம்மா. அமைப்பு."

"அமைப்புன்னா யாரு சார்? மேட்டுத்தெருவா?"

"யாரும் அல்ல."

"யாருமில்லாத ஆளு எறிஞ்சதுக்கா எங்க அண்ணன் ஜெயிலுக்குப் போனான்?"

அவர் அதையும் எழுதிக்கொண்டு, சரியான கட்டத்தில் சேர்த்தார். இந்தப் புத்தகம் எந்தப் பக்கமும் தள்ளாது என்று கேட்டுக்காரரும் நாற்காலிக்காரியும் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் கணக்குச் சரிதான். புத்தகம் வெளியான அன்று கல் எந்தப் பக்கமும் நகரவில்லை. காணாமல் போனது.

ஊர் சந்தோஷப்பட்டது. நகராட்சி அந்த இடத்தில் புதிதாகத் தார் போட்டது. சுற்றிக்கொண்டு போன பேருந்து நேராகப் போக ஆரம்பித்தது. அந்த வாரமே, பொத்தான் மூட்டை சுமக்கும் பள்ளத்தெரு ஆள் ஒருவர் நடுச்சாலையில் மல்லாக்க விழுந்தார். நெற்றி பிளந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். கல் கண்ணுக்குத்தான் தெரியவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் பள்ளத்தெருக்காரர்கள் மேல் மட்டும்தான் பட்டது. மேட்டுத்தெருக்காரர்கள் அதே இடத்தில் நிமிர்ந்து நடந்து போனார்கள், ஒன்றும் ஆகவில்லை. பேருந்து அதைத் தாண்டிப் போகும்போது உள்ளே நின்றிருந்த பள்ளத்தெருக்காரர்களுக்கு மட்டும் இடுப்பில் இடித்தது. நடத்துநர் டிக்கெட் கிழிக்கும்போதே, பிடிச்சுக்கங்க, வரப்போகுது என்று அவர்களிடம் சொல்லிவைத்தார்.

தினமும் நான் அந்த வழியாகத்தான் போகிறேன், அங்கே ஒன்றுமே இல்லையே என்று மேட்டுத்தெருவில் ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விடுப்புக்காகச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள் என்று தொழிற்சாலை மேலாளர் சொன்னார். நகராட்சி மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டது. மூவரும் மேட்டுத்தெரு. பள்ளத்தெருவிலிருந்து ஆளைச் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். குழு ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மாலையில் அறிக்கை கொடுத்தது: கல் இல்லை. மகள் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் எல்லா நெற்றிகளிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பள்ளம் இருந்தது. அவள் அவற்றைப் பெரிய டாக்டரிடம் வரிசையாக வைத்துக் காட்டினாள். பரம்பரை என்றார் பெரிய டாக்டர்.

நாற்காலிக்காரிக்கு எங்கே கல் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒருநாள் நூல்கண்டு வாங்கப் போகும் அவசரத்தில் மறந்து நேராக நடந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி தெறித்து விழுந்தது. அவள் சாலையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டுக்காரர் கூண்டிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். காற்றில் கையை வீசிப் பார்த்தார்.

"எங்க? இங்க ஒண்ணுமே இல்லையே."

"உங்களுக்கு இல்ல," என்றாள் அவள், நெற்றியைப் பொத்திக்கொண்டு.

அவர் இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தேடினார். உண்மையாகவே தேடினார். அவள் எழுந்தாள். ரத்தம் பட்ட கையாலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வயதுவரை பள்ளத்தெருக் கை அவர் மேல் பட்டதில்லை. அவர் விலகவில்லை. அவள் அவர் கையைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்து, தன் கையை அதன் மேல் அழுத்தினாள். குளிர்ச்சியாக, சொரசொரப்பாக, ஓரத்தில் உடைந்த முனையோடு கல் அவர் உள்ளங்கையில் இருந்தது. அவள் கையை எடுத்தாள். வெறும் காற்று.

"இன்னொரு தடவை வை," என்றார். வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை முழுக்கத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆட்கள் வரும் நேரத்தில் அவர் அந்த இடத்துக்கு நேர் கீழே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நின்று விசில் ஊதினார். "குனிஞ்சு போ. ஏய், குனிஞ்சு போ," என்று பள்ளத்தெரு ஆட்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியில் கட்டோடு நாற்காலிக்காரி வந்தாள்.

"அண்ணே, குனியச் சொல்லாதீங்க. அது எங்களுக்கு ஏற்கனவே தெரியும்."

"அப்புறம் என்னன்னு சொல்றது?"

"சுத்திப் போகச் சொல்லுங்க."

அவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். "சுத்திப் போங்க," என்று சொல்லி விசில் ஊதினார். போ என்பது போங்க ஆனதை அவர் கவனித்தாரோ என்னவோ, அவள் கவனித்தாள். மூன்றாம் நாள், "கண்ணாடிய ஒட்டிட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டார். அவள் கண்ணாடியைக் கழற்றி ஒட்டைக் காட்டினாள்.

மேட்டுத்தெருவில் இதை ரசிக்கவில்லை. கேட்டுக்காரரின் மச்சான் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். மனைவி, உங்களுக்குப் படாத கல்லுக்கு நீங்க ஏன் விசில் ஊதறீங்க என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலைக் காக்கத்தான் சம்பளம், காற்றைக் காக்க அல்ல என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். மாதம் முடிவதற்குள் இது நிற்கவில்லை என்றால் வேலை இல்லை என்றும் சொன்னார். ஓய்வு பெற இன்னும் சில வருஷமே இருந்தது. கேட்டுக்காரர் விசிலை நிறுத்தவில்லை. ராத்திரி வீட்டில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாற்காலிக்காரி மகளை விட்டு ஒன்பது நாட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க புத்தகத்தால இங்க மண்டை உடையுது. வந்து பாருங்க."

அவர் சுருளோடு வந்து முதலாளியின் மாளிகையில் இறங்கினார். அவர் வருவது தெரிந்து மேலாளர், நகராட்சித் தலைவர், குழுவினர், பெரிய டாக்டர் எல்லாரும் வாசலில் கூடினார்கள். மேலாளருக்கு நல்ல சந்தோஷம். ஐயாவே நடந்து காட்டட்டும், அப்போதாவது இவர்கள் நம்புவார்கள் என்றார். ஒன்பது நாட்டுக்காரர் தலையசைத்தார். புலப்படாத கல் என்பது ஓர் உருவகம் என்று விளக்கியபடி, பளபளக்கும் காலணியோடு, நிமிர்ந்து நடந்தார். சுண்ணாம்பு வட்டத்தின் மேல் கால் வைத்த நொடியில் மல்லாக்க விழுந்தார். சுருள் பிரிந்து சாலை நெடுக ஓடியது.

யாரும் அசையவில்லை. படித்தவர், வெளிநாட்டார், முதலாளி வீட்டு விருந்தாளி. மேட்டுத்தெருக்காரர்களுக்கு எதுவும் புரியவில்லை. விழுந்தவர் வானத்தைப் பார்த்துத் தன் சொந்த மொழியில் ஏதோ சொன்னார். ஒரே வார்த்தைதான், அம்மா என்பதாக இருக்கலாம். நாற்காலிக்காரி பக்கத்தில் குந்தி, தைக்க வைத்திருந்த துணியை மடித்து அவர் நெற்றியில் அழுத்தினாள். சொந்தக்காரரிடம் கேட்பது போலக் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நீங்க எந்தத் தெரு?"

"எங்கள் ஊரில் தெரு இல்லை, அம்மா. ஆற்றுக்கு அந்தப் பக்கம்."

"வாசல்?"

"பின்வாசலுக்கு நீல வண்ணம் அடித்திருப்பார்கள். எங்கே போனாலும் நாங்கள் நீலத்தைத் தேடி நுழைய வேண்டும்."

"எங்களுதுக்குப் பெயிண்டே அடிக்கல," என்றாள் அவள். "ஒன்பது ஊர எழுதினீங்களே, உங்க ஊர ஏன் எழுதல?"

"ஒன்பதையும் எழுதி முடித்தால் பத்தாவது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்."

"வந்துச்சா?"

அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. தையல் போடாத காயம் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது.

அவர் அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டு மாடி அறையில் தங்கிப் பத்தாவது அத்தியாயத்தை எழுதினார். இந்தத் தடவை கல்லைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை என்பதால் அவளுக்கு முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அண்ணன் பாலில் ஆடை படிந்தால் குடிக்க மாட்டான். செருப்பைத் தலைகீழாகப் போட்டால் எரிச்சல்படுவான். பாட்டைத் தப்புத்தப்பாகப் பாடுவான், திருத்தினால் கோபம் வரும். அன்று அவன் கூடத்தில் இல்லை. கலவரம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தகவல் தெரிந்து வந்தான், கூடத்திலிருந்து வாசல்வரை உருண்டு வந்து கிடந்த பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், ஏனென்றால் அவற்றின் காசைத் தங்கச்சி சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். போலீஸ் வந்தபோது கையில் மண் இருந்ததற்கு அதுதான் காரணம். சொல்லி முடித்ததும் அட்டைப்பட முஷ்டிக்காரன் போய், அண்ணனின் சொந்த முகம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் கீழே போய் அழுதுவிட்டு வந்தாள். ஒன்பது நாட்டுக்காரர் அதற்குள் தன் ஆற்றைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தார்.

தனிப் புத்தகமாக வந்த அந்த அத்தியாயம் சரியாக விற்கவில்லை. சொந்தக் கதை சரித்திரம் ஆகாது என்றார் தங்கப்பேனா. ஆடை படிந்த பாலுக்கும் வர்க்கப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தாடிக்காரர் எழுதினார். இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். புத்தகம் கடைக்கு வந்த அன்று காலையில், நடுச்சாலையில், நெற்றி உயரத்தில் கல் மறுபடியும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்ததோடு இல்லாமல் எல்லார் மேலும் பட்டது. முதலில் பட்டது முதலாளியின் பேரனுக்கு. போனில் பேசிக்கொண்டே வெளியே வந்தவர் முட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்தார். வலிக்கிறது என்று ஆச்சரியத்தோடு சொன்னார். அன்று பிற்பகலே நகராட்சி அவசரக் கூட்டம் போட்டது. ஒரு வாரத்துக்குள் கல்லைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, விளக்கு வந்தது, முதலுதவிப் பெட்டி வந்தது, பேருந்து பழைய வழியில் திரும்பியது. ஊரில் எல்லாருக்குமே எலும்பு பலவீனம் என்று பெரிய டாக்டர் அறிவித்தார். அந்த இடத்தில் விசில் ஊத ஓர் ஆள் தேவைப்பட்டதால் கேட்டுக்காரருக்கு வேலை போகவில்லை. சம்பளம் கொஞ்சம் கூடியது. அவர் மச்சான் பழையபடி வீட்டுக்கு வரத் தொடங்கினார், ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். கல்லை எறிந்தது யார் என்று அந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குப் பிறகு கல் எந்தப் பக்கமும் நகரவில்லை.

அடுத்த வருஷம் மகளுக்கு வேறொரு நகரத்தில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த வாரத்தின் முடிவில் போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் நாற்காலிக்காரி.

"சாப்பிட்டேன். அம்மா, இங்கயும் இருக்கு."

"எங்க?"

"மருந்து குடுக்கற இடம் தாண்டினதும், வராண்டாவுல. கண்ணுக்குத் தெரியல."

"எந்த உயரம்?"

"தோள்பட்டைகிட்ட. கூட்டறவங்களுக்குப் படுது. எனக்கும் பட்டுச்சு. டாக்டருங்க யாருக்கும் படல."

நாற்காலிக்காரி யோசித்தாள். "அங்க சரித்திரம் எழுதறவங்க யாராவது வந்திருக்காங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"வருவாங்க. அதுவரைக்கும் சுத்திப் போ."

சரி என்றாள் மகள். பிறகு இருவரும் அங்கே வீட்டு வாடகை எவ்வளவு, குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது என்பதைப் பற்றிப் பேசினார்கள்.